பற்றாசு நிலையம்

பற்றாசு நிலையம் என்பது மின்னணு உறுப்புகளை மின்சுற்றுப் பலகையில் இணைக்கும்போது பற்றாசுக்கோலின் முனை வெப்பநிலையைக் குறித்த அளவில் நிறுத்தி வைக்கும் கருவித் தொகுதி ஆகும். மின்வழங்கியும் கட்டுப்பாட்டுச் சுற்றும் அடங்கிய பெட்டி, மெல்லிய கம்பிவடத்தால் அதனுடன் இணைந்த கைப்பிடி, கழற்றி மாற்றத்தக்க முனை, கோலை வைக்கும் தாங்கி ஆகியன இதன் பகுதிகள். கடைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இது சால்டரிங் ஸ்டேஷன் என்றே வழங்கப்படுகின்றது.

உதிரிப்பாகங்களும் வெற்றுப் பலகையும் சேர்த்து விற்கப்படும் மின்னணுக் கிட்டுகளைக் கோர்க்கும் மாணவர்களுக்கு எந்த நிலையம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை முதன்மையாக விளக்குகின்றது. எடுத்துக்காட்டுகள் கோயம்புத்தூரையும் கொங்கு நாட்டையும் ஒட்டியவை. அங்குள்ள மின்வழங்கலின் இயல்பும் பட்டறை வழக்கங்களும் இத்தெரிவை நேரடியாகப் பாதிக்கின்றன.

பெயரும் மரபும்

பற்றாசு என்பது மின்னணுவியலுக்காக ஆக்கப்பட்ட புதுச்சொல் அன்று. உலோகத் துண்டுகளை இணைக்க இடையில் உருக்கி வைக்கப்படும் பொருளைக் குறிக்கும் பழஞ்சொல் அது. யாப்பிலக்கணத்திலும் இதன் சுவடு உண்டு. நேரிசை வெண்பாவில் முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை அறுபடாதிருக்க ஓரிரு அசைகளைச் சேர்ப்பதுண்டு. உலோகத்தைப் பற்றாசு இணைப்பது போல் அவ்வசைகள் இணைப்பதால் அவற்றை ஆசு என்றும், அவ்வாறு அமைந்த பாடலை ஆசிடை நேரிசை வெண்பா என்றும் அழைத்தனர்.

பற்றாசு வைத்தலின் வேதியியலையும் தமிழ்நாட்டுக் கைவினைஞர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்புவார். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள துருப்படலத்தை நீக்கும். அதன் பிறகே வெள்ளீயம் பித்தளையில் ஒட்டும். பொற்கொல்லர் பட்டறையில் இதே வேலையை வெங்காரம் செய்கின்றது. மின்னணுப் பற்றாசுக் கம்பியின் நடுவில் உள்ள பைன் மரப் பிசினும் இவ்வகையைச் சேர்ந்த இளக்கியே. ஆனால் நவச்சாரம் போன்ற உப்புகளையும் அமிலங்களையும் மின்சுற்றுப் பலகையில் பயன்படுத்தலாகாது. அவற்றின் எச்சம் பலகையில் தங்கி, ஈரக்காற்று படும்போதெல்லாம் செப்புத் தடத்தை அரித்துக்கொண்டிருக்கும்.

வரலாறு

தொடக்கத்தில் பற்றாசுக்கோல் என்பது கரியடுப்பில் காய்ச்சி எடுக்கும் செப்புக் கட்டியாகவே இருந்தது. மின்சாரத்தால் சூடேறும் கோல்களைத் தொழில்முறையில் உற்பத்தி செய்த முன்னோடிகளுள், எர்ன்சுட் சாக்சு 1921 இல் செருமனியில் தொடங்கிய எர்சா நிறுவனமும் ஒன்று. அமெரிக்காவில் கார்ல் வெல்லர் 1940களில் துப்பாக்கி வடிவிலான, விரைவில் சூடேறும் கருவியை உருவாக்கினார். சப்பானின் ஓசாக்கா நகரில் 1952 இல் தொடங்கப்பட்ட ஹக்கோ நிறுவனத்தின் 936 என்னும் நிலையம் பிற்காலத்தில் உலகெங்கும் பார்த்துச் செய்யப்பட்ட வடிவமாயிற்று.

கோவையில் இக்கலை வானொலியோடு வளர்ந்தது. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி. டி. நாயுடு 1941 இல் அறிவித்தார். ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி என 1945 இல் தொடங்கிய இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951 இல் தொடங்கிய பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி, 1956 இல் தொடங்கிய கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றால் இந்நகர் பொறியியல் கல்வியின் நடுவமாயிற்று. 1984 இல் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் கோவையில் குமரகுரு கல்லூரியும் தொடங்கிய பின், செயல்திட்டத்துக்காகப் பலகை கோர்க்கும் மாணவர் எண்ணிக்கை பெருகியது.

வால்வு வானொலிக் காலத்தில் நிலையம் என்ற ஒன்று தேவைப்படவில்லை. தடித்த கம்பிகள் உலோகத் தகட்டுக் காதுகளில் சுற்றப்பட்டுப் பற்றவைக்கப்பட்டன. அறுபது வாட் கோல் சற்று மிகைச் சூட்டில் இருந்தாலும் பெருங்கேடு நேராது. செருமானியத் திரிதடையங்கள் வந்தபோது அவற்றின் கால்களை இடுக்கியால் பிடித்துச் சூட்டை வழிமாற்ற வேண்டியிருந்தது. ஒருங்கிணைந்த சுற்றுகளும் பலகைமேற் பொருத்தும் நுண்ணுறுப்புகளும் பரவிய பின்னரே முனையின் வெப்பநிலையை அளந்து கட்டுப்படுத்துவது இன்றியமையாததாயிற்று.

வாட்டும் வெப்பநிலையும்

புதிதாக வாங்குவோரிடம் பரவலாகக் காணப்படும் குழப்பம் வாட்டையும் வெப்பநிலையையும் ஒன்றெனக் கொள்வதாகும். வாட் என்பது ஒரு நொடியில் கருவி தரக்கூடிய ஆற்றலின் அளவு. முனை எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை அது தனித்து முடிவு செய்வதில்லை. கட்டுப்பாடற்ற 25 வாட் கோல், காற்றில் இழக்கும் வெப்பமும் உள்ளே வரும் ஆற்றலும் சமமாகும் வரை ஏறிக்கொண்டே போகும். வேலை செய்யாமல் தாங்கியில் கிடக்கும்போது அது மிகுந்த சூட்டில் இருக்கும். பெரிய இணைப்பொன்றில் வைத்தவுடன் சூடு சரிந்துவிடும். தேவைப்படும்போது குறைவதும் தேவையற்றபோது மிகுவதும் இக்கோலின் இயல்பு.

வீட்டு மின்னழுத்தம் இதை மேலும் சிக்கலாக்குகின்றது. எளிய கோலின் சூடேற்றும் சுருள் ஒரு மின்தடையமே ஆதலால் அதன் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 25 வாட் தரும் கோல் 200 வோல்ட்டில் ஏறத்தாழ 19 வாட்டும், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 15 வாட்டும் மட்டுமே தரும். 250 வோல்ட்டில் அது 29 வாட்டைத் தாண்டும். கிணற்று மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் விடப்பட்டு ஊரிலுள்ள பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவதும், அவை நின்றபின் ஏறுவதும் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வாழ்வோர் அறிந்ததே. அதே கோல், அதே கை, அதே பற்றாசுக் கம்பி ஆயினும் மாலையில் வைத்த இணைப்பு மங்கலாகவும் இரவில் வைத்தது கருகியும் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மாணவர் தம் கைப்பழக்கத்தையே குறை கூறிக்கொள்வர்.

நிலையத்தில் இந்தச் சிக்கல் அடங்கிவிடுகின்றது. 24 வோல்ட் மின்மாற்றி கொண்ட 60 வாட் நிலையத்துக்கு 180 வோல்ட்டே கிடைத்தாலும், சுருளுக்கு ஏறத்தாழ 19 வோல்ட்டும் 37 வாட் அளவிலான திறனும் கிடைக்கும். குறித்த வெப்பநிலையில் முனையை நிறுத்த இது பெரும்பாலும் போதும். சூடேறும் நேரமும், ஓர் இணைப்புக்குப் பின் பழைய வெப்பநிலைக்கு மீளும் நேரமும் மட்டுமே சற்று நீளும்.

எளிய கோலுடன் மின்விசிறி வேகச்சீராக்கி போன்ற திருகை இணைத்து விற்கப்படும் கருவிகளும் உண்டு. அவை திறனைக் குறைப்பன. வெப்பநிலையை உணர்வன அல்ல. கைப்பிடியில் பாகைக் குறிகள் அச்சிட்டிருப்பினும் உள்ளே உணரி இல்லையெனில் அக்குறிகளுக்குப் பொருளில்லை. 2012 இல் தமிழ்நாட்டில் நீண்ட மின்வெட்டுகள் நிலவிய காலத்தில் பலர் இன்வெர்ட்டரில் வேலை செய்தனர். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர்களில் மின்மாற்றி நிலையம் ரீங்காரமிட்டுச் சூடாகும். மின்வெட்டு நேரத்தில் வேலை செய்ய விரும்புவோர் சைன் அலை இன்வெர்ட்டரையோ நேர்மின்னோட்டத்தில் இயங்கும் கோலையோ நாடுவது நன்று.

வகைகள்

கிட் கோர்ப்பவர் சந்தையில் காணும் நிலையங்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை.

முதலாவது, ஹக்கோ 936 வழிவந்த குடும்பம். இதில் பீங்கானாலான சூடேற்றும் தண்டுக்குள்ளேயே வெப்ப உணரி இருக்கும். அத்தண்டின் மேல் உறைபோல முனை செருகப்படும். ஹக்கோ 936 இன் இடத்தில் பின்னர் எஃப்எக்ஸ்-888 வரிசை வந்தபோதிலும், 936 ஐப் பார்த்துச் செய்த சீன நிலையங்களும் அவற்றுக்குரிய 900எம் வகை முனைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. குறை யாதெனில், தண்டுக்கும் முனைக்கும் இடையில் மெல்லிய காற்று இடைவெளி உண்டு. வெப்பம் அதைக் கடந்தே வரவேண்டும். உணரி அளப்பது தண்டின் வெப்பநிலையையே அன்றி முனையின் நுனியை அன்று. முனை தளர்வாகப் பொருந்தியிருப்பின் காட்டியில் 350 என ஒளிர, நுனியோ பல பாகை குறைவாக இருக்கும்.

இரண்டாவது, டி12 போன்ற குப்பிமுனைக் குடும்பம். இங்கு முனை, சூடேற்றும் சுருள், வெப்ப இணை மூன்றும் ஒரே குழாயில் அடைக்கப்பட்டுள்ளன. சுருளின் மின்தடை ஏறத்தாழ 8 ஓம் ஆதலால் 24 வோல்ட்டில் 72 வாட் வரை பெறலாம். வெப்ப இணை சுருளுடன் தொடராக உள்ளது. எனவே கட்டுப்பாட்டுச் சுற்று ஒவ்வொரு நொடியிலும் பலமுறை மின்னோட்டத்தை நிறுத்தி, அந்த இடைவெளியில் வெப்ப இணையின் சிறு மின்னழுத்தத்தைப் படித்து, மீண்டும் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. உணரி நுனிக்கு அருகில் இருப்பதால் சூடு சரிந்த கணமே கருவி அதை அறிகின்றது. சூடேறவும் சில நொடிகளே ஆகும். முனை ஒவ்வொன்றும் விலை கூடியது என்பதே இதன் குறை. யுஎஸ்பி மின்னேற்றியில் இயங்கும் பைன்சில் போன்ற கையடக்கக் கோல்களும் இவ்வடிவமைப்பையே பின்பற்றுகின்றன. விடுதி அறையில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு, பெட்டி வைக்க இடமில்லாதபோது, அவை நல்ல மாற்று.

உணரியோ எண்காட்டியோ இல்லாமல் வெப்பநிலையைக் காக்கும் மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. குறித்த வெப்பநிலையைத் தாண்டினால் இரும்புக் கலவைகள் காந்த இயல்பை இழக்கும். இதனைக் கியூரி வெப்பநிலை என்பர். வெல்லர் நிறுவனத்தின் காந்த வகைக் கோலில் முனையின் பின்புறம் உள்ள கலவைத்துண்டு குளிர்ந்திருக்கையில் காந்தத்தை ஈர்த்துச் சாவியை மூடும்; சூடேறியதும் ஈர்ப்பிழந்து சாவி திறக்கும். முனையில் பொறித்த 7 என்ற எண் 700 பாகை பாரன்கைட்டை, அதாவது ஏறத்தாழ 370 பாகை செல்சியசைக் குறிக்கும். 1982 இல் தொடங்கப்பட்ட மெட்கால் நிறுவனம் இதே இயற்பியலை உயர் அலைவெண் மின்னோட்டத்துடன் இணைத்துத் தொழிற்சாலைகளுக்கான நிலையங்களைச் செய்தது. கிட் கோர்க்கும் மாணவருக்கு அவை விலையால் எட்டாதவை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் நிலையங்களில் ஒரு கண்ணி உள்ளது. அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட்டுக்கும், சப்பானில் வாங்கியது 100 வோல்ட்டுக்கும் உரியதாக இருக்கலாம். 120 வோல்ட்டுக்குரிய கோலை மாற்றுச் செருகி கொண்டு 230 வோல்ட்டில் இணைத்தால் அது குறித்த திறனைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் இழுத்து எரிந்துபோகும். பெட்டியின் பின்புற எழுத்தைப் படிக்காமல் செருகலாகாது.

முனை

நிலையத்தின் பெட்டியைக் காட்டிலும் முனையே வேலையின் தரத்தை முடிவு செய்கின்றது. கடைகளில் பிட் என்று கேட்க வேண்டும். ஊசிபோல் கூரிய முனை நுண்ணிய வேலைக்கு ஏற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பெரும்பாலான கிட்டுகளுக்கு அது பொருந்தாது. கூரிய நுனி செப்புத் திட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். வெப்பம் கடக்க வழி குறுகும். மாணவர் வெப்பநிலையை 420 பாகைக்கு ஏற்றுவார், இளக்கி கருகும், திட்டு பலகையிலிருந்து பெயரும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவ முனை திட்டையும் உறுப்பின் காலையும் ஒருங்கே தொடும். 340 பாகையிலேயே இரண்டு மூன்று நொடிகளில் இணைப்பு முடிந்துவிடும். நிலையத்துடன் வரும் கூர்முனையைப் பெட்டியில் வைத்துவிட்டு உளிமுனையொன்றைத் தனியே வாங்குவது செலவழித்த காசுக்குக் கிடைக்கும் பெரும்பயன்.

முனையின் உட்பகுதி செம்பு. உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைக்கும் ஆதலால் அதன்மேல் இரும்புப் பூச்சு உள்ளது. வேலை செய்யும் நுனியைத் தவிர்த்த இடங்களில் பற்றாசு ஒட்டாதிருக்க நிக்கலும் குரோமியமும் பூசப்படுகின்றன. இங்கேதான் கொங்குப் பட்டறை வழக்கம் கெடுதல் செய்கின்றது. கடைசல் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் மோட்டார் காயில் கட்டும் கடைகளும் நிறைந்த ஊரில், மங்கிய எதையும் அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குவது கை பழகிய செயல். பழைய வெறும் செப்பு முனைக்கு அது சரியான முறையே. நிலையத்தின் முனைக்கு அது அழிவு. அரம் இரும்புப் பூச்சைக் கிழித்தால் அடியிலுள்ள செம்பு கரைந்து சில நாட்களில் முனையில் குழி விழும். பித்தளைச் சுருளில் துடைத்து, உடனே புதிய பற்றாசை உருக்கிப் பூசி, அப்பூச்சுடனே அணைத்து வைப்பதே முறையாகும்.

ஈரப் பஞ்சில் துடைப்பவர் பஞ்சைப் பிழிந்து பயன்படுத்த வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் கவலையில்லை. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் முனையில் வெள்ளைப் படிவை விடும். மின்கல அடுக்குக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் அதற்கு மாற்று.

பயன்படுத்தாதபோது தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும் வசதி முனையின் ஆயுளை நீட்டும். இரண்டு நிலையங்களில் எதை எடுப்பது என்ற ஐயம் எழுந்தால், எண்காட்டியின் அழகைவிட இவ்வசதிக்கும், அந்த நிலையத்துக்குரிய முனைகள் உள்ளூர்க் கடையில் கிடைக்கின்றனவா என்பதற்கும் முதன்மை தரலாம். முனை கிடைக்காத நிலையம் ஓராண்டுக்குள் அலமாரிக்குப் போய்விடும்.

எர்த் இணைப்பு

நிலையத்தின் முனை, புவியுடன் இணைந்திருக்க வேண்டும். இருகால் செருகி கொண்ட எளிய கோல்களில் சுருளுக்கும் உலோகக் குழலுக்கும் இடையே சிறு கசிவு மின்னோட்டம் உண்டு. முனையில் டெஸ்டர் திருப்புளியை வைத்தால் நியான் விளக்கு மினுங்குவது இதனாலேயே. மனிதருக்கு அது உறைக்காமல் போகலாம். ஆனால் மாசுபெட் எனப்படும் புலவிளைவுத் திரிதடையத்தின் வாயில் பொதுவாக 20 வோல்ட் அளவையே தாங்கும். கிட் முழுதும் சரியாகக் கோர்த்தும் இயங்கவில்லையெனில், கோர்க்கும்போதே அவ்வுறுப்பு மாண்டிருக்கக்கூடும்.

நிலையம் வாங்கியதும் செய்யவேண்டிய சோதனை எளியது. மின்சாரத்தில் செருகாமல், மல்டிமீட்டரின் ஒரு முள்ளைச் செருகியின் பெரிய காலிலும் மற்றதை முனையிலும் வைக்க வேண்டும். சில ஓம்களுக்குள் காட்டினால் நன்று. முடிவிலி காட்டினால் கைப்பிடிக்குள் எர்த் கம்பி இணைக்கப்படவில்லை. பிரதி நிலையங்கள் சிலவற்றில் இக்குறை காணப்படுகின்றது. நிலையம் சரியாக இருந்தும் சுவர்ச் செருகியின் மூன்றாம் துளை வெறுமையாக இருக்கலாம். பழைய வீடுகளில் இது அரிதன்று. கரியும் உப்பும் இட்டு அமைத்த எர்த் குழி, மழை குறைந்த மாதங்களில் வறண்டு பயனற்றுப் போவதுண்டு. கோடையில் அதில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இதற்காகவே. எர்த் பற்றி ஐயமிருப்பின் மின்பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். இது உறுப்பைக் காப்பதோடு உயிரையும் காக்கும் செய்தி.

ஒரு கிட்டைக் கொண்டு தெரிதல்

நிலையத்தைத் தேர்வதற்கு முன் கோர்க்கப்போகும் பலகையைப் பார்ப்பது பயனுள்ளது. கொங்கு நாட்டு மாணவர்கள் விரும்பிச் செய்யும் ஒன்று, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை உணர்ந்து மோட்டாரை இயக்கும் கிட். அதன் ஒரு பாதியில் சிறிய மின்தடையங்களும் எட்டுக்கால் ஒருங்கிணைந்த சுற்றும் ஒளியுமிழ் இருமுனையமும் உள்ளன. மறுபாதியில் ரிலேயும், மோட்டார்க் கம்பிகளைத் திருகி இணைக்கும் தடித்த முனையத் தொகுதியும், அகன்ற செப்புத் தடங்களும் உள்ளன.

முதற் பாதியை எந்தக் கோலும் செய்துவிடும். இரண்டாம் பாதியே சோதனை. ஒரு கிராம் செம்பை 30 பாகையிலிருந்து 230 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 77 சூல் ஆற்றல் வேண்டும். இழப்பு எதுவுமின்றிக் கணக்கிட்டாலும் 25 வாட் கோலுக்கு இதற்கு மூன்று நொடிகளாகும். 60 வாட் நிலையத்துக்கு ஒன்றேகால் நொடி. உண்மையில் தடத்தின் வழியே வெப்பம் ஓடிக்கொண்டே இருப்பதால் சிறிய கோல் பற்றாசை முழுமையாக நனைய விடாமல் மேலே கட்டியாக நிறுத்திவிடும். இத்தகைய குளிர்ந்த இணைப்பு வெளிப்பார்வைக்குச் சரியாகவே தோன்றும். மோட்டார் ரிலேயின் வழியே மின்னோட்டம் இழுக்கும்போது அவ்விடம் சூடேறி, தளர்ந்து, தீப்பொறி கக்கும். இரவில் ஆளில்லாதபோது தானே இயங்கும் கருவியில் இது விளையாட்டன்று. முனையத் தொகுதிக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாத உளிமுனையையும் 370 பாகையையும் பயன்படுத்தி, பற்றாசு பலகையின் மறுபுறம் வரை ஏறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். முதன்மை மின்னழுத்தம் வரும் பகுதியை அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் மட்டுமே இணைக்க வேண்டும்.

நூற்பாலை எந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகள் போன்ற பல அடுக்குப் பலகைகளைப் பழுது பார்ப்போருக்கு இன்னும் கூடிய திறன் தேவை. அங்கு உள்ளடுக்கில் உள்ள செப்புத்தகடு வெப்பத்தை உறிஞ்சும். பலகையை அடியிலிருந்து முன்சூடாக்கும் தட்டும் வேண்டியிருக்கும். கிட் கோர்ப்பவர் அதற்காக இப்போதே செலவழிக்க வேண்டியதில்லை. வெப்பக்காற்றுத் துப்பாக்கி இணைந்த நிலையங்களுக்கும் இது பொருந்தும்: துளையில் கால் நுழைத்துப் பற்றவைக்கும் கிட்டுகளில் அத்துப்பாக்கிக்கு வேலையே இல்லை. அதற்குக் கொடுக்கும் காசில் நல்ல முனைகளும், பற்றாசை உறிஞ்சும் கருவியும், செப்புப் பின்னலும் வாங்கிவிடலாம்.

காற்றும் ஒரு பொருட்டே. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று நேரே படும் சன்னலோரத்தில் எளிய கோலின் முனை தொடர்ந்து சூட்டை இழக்கும். மேல்விசிறியின் கீழும் அப்படியே. நிலையம் இதை ஈடுசெய்யும்.

காட்டியின் எண்ணைச் சரிபார்த்தல்

எண்காட்டியுள்ள நிலையங்களில் காட்டப்படும் எண் உணரியின் கணிப்பே. அதைச் சோதிக்கத் தனிக் கருவி இல்லாதவர், 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்ட கம்பியைப் பயன்படுத்தலாம். இக்கலவை 183 பாகையில் ஒரே புள்ளியில் உருகும் சிறப்புடையது. நிலையத்தை 170 பாகையில் வைத்து, ஐந்தைந்து பாகையாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்து, துடைத்த நுனியில் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 200 என்று காட்டும்போதுதான் உருகுகின்றதெனில் காட்டி ஏறத்தாழ 15 பாகை மிகைத்துக் காட்டுகின்றது எனக் கொள்ளலாம். உயர் வெப்பநிலையில் வேறுபாடு சிறிது மாறக்கூடும். ஆயினும் அன்றாடப் பணிக்கு இது போதும். பத்துப் பாகை முன்பின் இருப்பதால் இணைப்பு கெடுவதில்லை. முனை மாற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணைத் துரத்திக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

பற்றாசுக் கம்பியும் உடல்நலமும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆபத்துப் பொருட் கட்டுப்பாட்டு விதிகள் 2006 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் தொழிற்சாலைகள் பெரும்பாலும் காரீயமற்ற பற்றாசுக்கு மாறின. இந்தியாவிலும் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் புதிய கருவிகளில் காரீயத்துக்கு வரம்பு விதித்தன. வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த காரீயமற்ற கலவை 217 பாகை அளவில் உருகத் தொடங்கும். வெள்ளீயமும் செம்பும் மட்டும் சேர்ந்தது 227 பாகையில் உருகும். அவற்றுக்கு முனையை 360 முதல் 380 பாகை வரை வைக்க வேண்டும். கட்டுப்பாடற்ற கோலால் அவற்றை நன்கு கையாளுதல் கடினம். 63/37 கம்பி கற்போருக்கு எளிது. தவறைத் திருத்துவதும் எளிது. ஆயினும் அது காரீயம் என்பதை மறக்கலாகாது.

காரீயம் புகையாக வருவதைக் காட்டிலும் கைவழியே வாய்க்குச் செல்வதே மெய்யான ஆபத்து. 350 பாகையில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவு ஆவியாவதில்லை. எழும் புகை பிசின் இளக்கியினுடையது. அது தொடர்ந்து மூச்சில் சேர்ந்தால் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். ஆதலால் பழைய கணினி விசிறி ஒன்றை வைத்தேனும் புகையை முகத்திலிருந்து விலக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே உண்ண வேண்டும். சாப்பாட்டு மேசையைப் பற்றாசு மேசையாக்கலாகாது. உதிர்ந்த பற்றாசு மணிகளைத் தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் உடனுக்குடன் திரட்டி மூடியிட்ட டப்பாவில் வைக்க வேண்டும்.

விலையும் கிடைக்குமிடமும்

கட்டுப்பாடற்ற 25 வாட் கோல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. சால்ட்ரான் போன்ற இந்தியப் பெயர்களில் கோல்களும் நிலையங்களும் உள்ளன. 936 வகைப் பிரதிகளும் டி12 வகை நிலையங்களும் சில ஆயிரம் ரூபாய் அளவிலும், ஹக்கோ, வெல்லர் நிறுவனங்களின் நிலையங்கள் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ விற்கப்படுகின்றன. கோவையில் காந்திபுரம் பகுதிக் கடைகளில் முனைகளையும் கம்பியையும் நேரில் பார்த்து வாங்கலாம். அங்குக் கிடைக்காதவற்றைச் சென்னை ரிச்சித் தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் தேடுவர். இணையக் கடைகளில் புகழ்பெற்ற பெயர்களுடன் போலி முனைகள் மிகுதியாக உலவுவதால், உரிய முகவரிடம் வாங்குவதே முனையைப் பொறுத்தவரை பாதுகாப்பானது.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிட் மட்டும் கோர்ப்பவருக்குத் தரமான எளிய கோலும் மின்னழுத்தச் சீராக்கியும் போதும். மாதந்தோறும் கோர்ப்பவர், கல்லூரிச் செயல்திட்டக் குழு, பழுதுநீக்கும் தொழிலை எண்ணுபவர் ஆகியோர் தொடக்கத்திலேயே நிலையம் வாங்குவது மலிவு. செப்புத் திட்டு பெயர்ந்து வீணாகும் பலகைகளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் இது விளங்கும். நால்வர் சேர்ந்து ஒரு நிலையம் வாங்கி, தத்தமக்கு வேண்டிய முனையை மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு.